தின்னர் ரூம் வாசலில் ஒரு நீல வெளிச்சம்

1. காலையில் வந்த போன்

அது ஒரு வியாழக்கிழமை. அடுப்பில் தோசை வேகும்போது போன் அடித்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றின் சேஃப்டி ஆபீசர் செல்வகுமார். சாதாரணமாக அவர் "வணக்கம் மேடம், சாப்பிட்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அதெல்லாம் இல்லை.

"மேடம், நீங்க அனுப்புன படத்துல நாப்பத்திரெண்டாம் நம்பர் ஞாபகம் இருக்கா? யார்டு வியூ. கீழ இடது மூலையில, தின்னர் ரூம் வாசல்ல, வெல்டிங் நடக்குது."

"எனக்கு ஞாபகம் இல்லையே சார்."

"நல்லாத் தெரியுது மேடம். நீலமா ஒரு வெளிச்சம். பக்கத்துலயே வெல்டிங் ட்ராலி. ஒரே ஒரு கேள்வி. இத நீங்க எடிட் எதுவும் பண்ணீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனி வேலையில் படத்தைத் திருத்தி அனுப்புவதில்லை என்பது எனக்கு ஒரு பெருமை. "இல்ல சார். கேமராவுல என்ன வந்துச்சோ அதேதான்" என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

"அது போதும் மேடம்" என்று வைத்துவிட்டார். நான் தோசையைத் திருப்பினேன். கருகியிருந்தது.

2. யார்டில் எடுத்த படம்

என்னைப் பற்றிக் கொஞ்சம். வீடு திருநின்றவூர், ஸ்டூடியோ மணவாள நகர், பிழைப்பு பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கேமராவைத் தொட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் பாதி கல்யாணம், காதுகுத்து. பிறகு கம்பெனிகள் கூப்பிட ஆரம்பித்தன. மெஷின், ஷெட், யூனிஃபார்ம் போட்ட ஆட்கள், ஆண்டு விழா, ஆடிட் ஃபைல் என்று அது வேறு ரகம். அங்கே மணப்பெண் அழமாட்டாள். ஆனால் ஹெல்மெட் போடாமல் உள்ளே போனால் செல்வகுமார் அழவைத்துவிடுவார்.

அந்தக் கம்பெனி இரும்பு ரேக் செய்து, பெயின்ட் அடித்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பெயின்டில் கலக்கும் தின்னர், பொறி பட்டாலே பற்றிக்கொள்வது, யார்டு என்கிற திறந்தவெளியின் மூலையில் ஒரு தனி ரூமில் இருக்கும். வாங்குகிறவர்கள் பார்ப்பதற்காக வளாகம் முழுக்கப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை காலை பெரியபாளையம் வழியாக ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் கரண்ட் பேனல் ரூம். இருட்டு. பெரிய ஃபிளாஷின் பேட்டரி காலி. மாற்று பேட்டரி வீட்டில் சார்ஜரில். வேறு வழியில்லாமல் கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃபிளாஷைத் திறந்து எடுத்தேன். படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் ஹூட், அதாவது பிளாஸ்டிக் வளையம், ஃபிளாஷ் வெளிச்சத்தை மறைத்ததால் வந்த நிழல். ஹூட்டைக் கழற்றித் திருப்பி, பின்பக்கமாக லென்ஸிலேயே மாட்டிக்கொண்டேன். எல்லாரும் செய்வதுதான். நிழல் போயிற்று, படம் சுத்தமாக வந்தது.

அதே கோலத்தில் யார்டுக்கு ஓடினேன். மணி எட்டே முக்கால். சூரியன் வலது பக்கம், ஃபிரேமுக்குச் சற்று வெளியே. மடமடவென்று பத்துப் பன்னிரண்டு படம் தட்டிவிட்டு கேண்டீன் பக்கம் போய்விட்டேன். ஹூட்டைத் திரும்ப நேராக மாட்டவில்லை. மாட்டவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

3. "நான்தான் அதுல இல்லாத ஆளு"

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டூடியோவுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"கும்முடிப்பூண்டில கம்பெனி ஃபோட்டோ எடுத்தது நீங்கதான மேடம்?"

"ஆமா. நீங்க?"

"நான்தான் அதுல இல்லாத ஆளு. அன்வர். வெல்டர்."

பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் குடும்பத்துக் கருவாட்டு வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் வெல்டிங் கற்றுக்கொண்டு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தவர். ஆபீசில் படத்தைக் காட்டியபோது ஃபைல் மேல் இருந்த ஸ்டூடியோ பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் பைக்கிலேயே வந்திருந்தார்.

"எனக்கு கேண்டீன் பக்கம் கைப்பிடி வைக்கத்தான் பெர்மிட் குட்த்தாங்கோ. அந்த டைம்ல நான் நாஷ்டா துன்னுக்கினு இருந்தேன். ட்ராலிய தின்னர் ரூமாண்ட நிறுத்திட்டுப் போனது நெஜம். ஆனா அங்க வெல்டிங் அடிக்கல. சொன்னா யாரும் கேக்க மாட்றாங்கோ. ஃபோட்டோ கீதுன்றாங்கோ."

"கேண்டீன்ல யாரும் உங்களப் பாக்கலையா?"

"பாத்தானுங்கோ. மணி இன்னான்னு கேட்டா எவனுக்கும் தெரியல. அந்த மூலைல சிசிடிவியும் இல்ல. என் கேட் கார்ட புடுங்கிக்கினாங்கோ மேடம். இந்த கேட்டுல புடுங்குனா சிப்காட்ல வேற எந்த கேட்டுலயும் உள்ள உட மாட்டாங்கோ. பேஜாரா பூட்ச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீங்க நேர்ல பாத்தீங்களா மேடம், நான் அடிக்கிறத?" என்றார்.

"பாக்கல."

"அப்பறம் எப்படி உண்மைதான்னு சொன்னீங்கோ?"

கம்ப்யூட்டரைத் திறந்து நாற்பத்திரெண்டாம் படத்தைப் பெரிதாக்கினேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு புள்ளி, சுற்றி மங்கலாக ஒரு வட்டம். எனக்கும் அது வெல்டிங் மாதிரிதான் தெரிந்தது.

அன்வர் பாய் குனிந்து பார்த்தார். முதல் முறையாக அவர் குரலில் கோபம் குறைந்து வேலைக்காரன் குரல் வந்தது.

"இது வெல்டிங்கே இல்ல மேடம். அடிச்சா கீழ பொறி தெறிக்கும். பொக வரும். அந்த செவுரு மொத்தமும் வெளுத்துப் பூடும். இங்க பாருங்கோ, செவுத்துல வெளிச்சமே உழுல. அந்தரத்துல தொங்கிக்கினு கீது."

அந்தரத்தில் தொங்குகிறது என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவசரமாக அடுத்த படத்தைத் திறந்தேன். நாற்பத்திமூன்று. கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி எடுத்தது. அதே நீலப் புள்ளி இருந்தது. ஆனால் தின்னர் ரூம் வாசலில் இல்லை. கேட் பக்கம் நின்றிருந்த செக்யூரிட்டி அண்ணனின் சட்டைப் பாக்கெட் மேல் இருந்தது. நாற்பத்திநான்கில் தண்ணீர்த் தொட்டி மேல்.

"செக்யூரிட்டி நெஞ்சுலயும் நான்தான் அடிச்சனா?" என்றார் அன்வர் பாய். சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன்; உடனே அவமானமாகப் போயிற்று.

நடந்தது இதுதான். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் சூரியனின் வெளிச்சம் சாய்வாக லென்ஸ் கண்ணாடியில் விழுந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே அங்கும் இங்கும் எதிரொளித்து, படத்தின் எதிர்ப் பக்கத்தில் ஒரு பொய்ப் புள்ளியை உண்டாக்கும். இதைத்தான் ஃபிளேர் என்கிறோம். கேமராவைத் திருப்பினால் புள்ளியும் கூடவே நகரும். வெயிலில் தூரத்தைப் பார்க்கும்போது புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொள்கிறோமே, அந்த வேலையைத்தான் ஹூட் செய்கிறது. நான் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன்.

எடிட் பண்ணவில்லை என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் படத்தில் இருப்பது அந்த இடத்தில் இருந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குள் ஒருவரின் கார்டு போய்விட்டது.

4. வெயிலுக்காக நின்றது

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் நின்றேன். ராத்திரி முழுக்க ஒரு யோசனை ஓடியது: போனிலேயே சொல்லிவிடலாமா, மெயில் போடலாமா. அந்தக் கம்பெனியின் வேலை எனக்குப் பெரிய வேலை. நேரில் போய் "என் தப்பு" என்று சொன்னால் அது போகும் என்று தெரியும். ஆனால் மெயிலில் சொன்னால் அன்வர் பாய்க்கு வேண்டி நான் சாக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள். கண்ணால் காட்டவேண்டும்.

ஜெனரல் மேனேஜர், அங்கே எல்லாருக்கும் ஜி.எம்., சென்னையிலிருந்து வருகிறவர். எட்டரைக்கு மேல் கையில் டீயோடு யார்டுக்கு வந்தார். அவரைக் கூட்டிவந்தது செல்வகுமார். அன்வர் பாய்க்கு உள்ளே அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"மேடம், பத்து நிமிஷம்தான் இருக்கு. என்ன காட்டணும்?" என்றார் ஜி.எம்.

"சார், திங்கட்கிழமை நான் நின்ன அதே இடம், அதே நேரம், அதே லென்ஸ். வெயில் வந்ததும் காட்டுறேன்."

வெயில் வரவில்லை. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் பக்கத்திலிருந்து மேகம் போய்க்கொண்டே இருந்தது. ஜி.எம். டீயைக் குடித்து முடித்தார். ஒரு போன் பேசினார். மணியைப் பார்த்தார்.

"மேடம், அந்த வெல்டர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"நேத்துதான் சார் முதல் தடவ பார்த்தேன்."

"அப்ப எதுக்கு இவ்ளோ?"

"படம் நான் எடுத்தது சார்."

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். செல்வகுமார் தரையைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிற்று. ஜி.எம். திரும்பி நடக்க ஆரம்பித்தபோது தொட்டியின் நிழல் மெல்லத் தரையில் விழுந்தது.

"சார், இப்ப வாங்க."

கேமராவை அவர் கையிலேயே கொடுத்தேன். ஹூட் இல்லாமல் பின்பக்கத் திரையில் தின்னர் ரூமைப் பார்க்கச் சொன்னேன்.

"யோவ் செல்வகுமார், இங்க வாய்யா. அங்க யாராவது வெல்டிங் பண்றாங்களா?"

"இல்ல சார். ரூம் பூட்டியிருக்கு. ட்ராலியும் ஸ்டோர்ல இருக்கு."

"இதுல பண்றாங்களே."

"கேமராவ மெதுவா இடது பக்கம் திருப்புங்க சார்" என்றேன். திருப்பினார். புள்ளி சுவரை விட்டு நகர்ந்து, கேட்டைத் தாண்டி, தொட்டி மேல் ஏறியது. குழந்தை மாதிரி நாலு தடவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இப்ப லென்ஸுக்கு மேல, வலது பக்கமா உங்க கைய வெச்சு மறைங்க" என்றேன். மறைத்தார். புள்ளி அணைந்தது. கையை எடுத்தார், எரிந்தது. பிறகு நான் ஹூட்டை நேராக மாட்டிக் கொடுத்தேன். யார்டு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. ரூம் வாசலில் வெறும் சுவர்.

"இது அன்னிக்கு ஏன் போடல?" என்றார்.

பேனல் ரூம், பேட்டரி, நிழல் எல்லாவற்றையும் சொன்னேன். "மறந்துட்டேன் சார்" என்றும் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதி, மூன்று படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில் அன்வர் பாய்க்குக் கார்டு திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு வார்னிங் லெட்டரும். தின்னர் ரூம் பக்கத்தில் ட்ராலியை நிறுத்தியதற்காக. அதைக் கேட்டில் நின்றபடி இரண்டு முறை படித்தார்.

"இது மட்டும் கரீட்டுதான் மேடம்" என்றார். "நாஷ்டா அவசரத்துல அங்க நிறுத்தி இருக்கக் கூடாது." பிறகு லெட்டரை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "நீங்க வருவீங்கோன்னு நான் நெனைக்கல" என்றார். பைக்கை உள்ளே ஸ்டோர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நான் நன்றியை எதிர்பார்த்துப் போகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நன்றிக்குப் பதிலாக அவர் சொன்ன அந்த வார்த்தைதான் சரி; தப்பு என்னுடையது.

அந்த வருஷம் அந்தக் கம்பெனியின் காலண்டர் வேலை எனக்கு வரவில்லை. அடுத்த வருஷம் வந்தது. செல்வகுமார் சிபாரிசு செய்ததாகக் கேள்வி.

5. ஹூட் பற்றி நான் சொல்வது

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எதையாவது வாங்குங்கள். ஹூட்டை மட்டும் பையில் தூங்க விடாதீர்கள். வெளியே வந்தால் மாட்டுங்கள். மேகமாக இருந்தாலும் மாட்டுங்கள். பொய்ப் புள்ளி மட்டும் இல்லை, சில சமயம் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகும்; அதையும் தடுக்கும். ஷெட்டுக்குள்ளேயும் பக்கவாட்டில் ஃபோகஸ் லைட் இருந்தால் மாட்டுங்கள். ஒருமுறை பள்ளிப்பட்டு பக்கம் ஒரு மில்லில் என் லென்ஸ் நேராக இரும்புக் கம்பத்தில் மோதியது. உடைந்தது ஹூட், கண்ணாடி இல்லை.

கழற்ற வேண்டிய நேரமும் உண்டு. கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷ் போட்டால் கழற்றுங்கள். பெரிய லென்ஸை ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது காற்று பலமாக அடித்தால் கழற்றுங்கள். ஹூட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து ஆட்டும். சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் ஹூட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பூ இதழ் மாதிரி வெட்டு இருக்கும் ஹூட்டைக் கோணலாக மாட்டினால் மூலைகள் கறுக்கும். இவ்வளவுதான் விஷயம். கழற்றினால், அந்த அறையை விட்டு வெளியே வரும்போதே திரும்ப மாட்டுங்கள்.

இதெல்லாம் கை வேலை, ஒரு மாதத்தில் பழகிவிடும். எனக்குப் பழக நாள் பிடித்தது வேறொன்று: கேட்டதும் பதில் சொல்லாமல் இருப்பது. போன மாதம் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. கூரை ஷீட்டில் விரிசல் மாதிரி ஒரு கோடு என் படத்தில் தெரிகிறதாம். அந்த ஷீட்டைப் போட்ட கான்ட்ராக்டரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசினார் மேனேஜர்.

"மேடம், இது விரிசல்தான? ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒரு மணி நேரம் குடுங்க சார். மத்த படங்களையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

"படம் எடுத்ததே நீங்கதான மேடம்? இதுல பார்க்க என்ன இருக்கு?"

அவருக்குக் கோபம். பட்டென்று போனை வைத்துவிட்டார். நான் எல்லாப் படங்களையும் திறந்து, நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டேன்.