சுடுநீர்க் குளத்தில் ஐந்து தலைகள்

1. அழைப்பு

பயணக் காப்புறுதி உதவி நிலையத்தில் எனக்கு வரும் அழைப்புகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்: தொலைந்த பெட்டி, வயிற்றுப்போக்கு, எலும்பு. குளிர்காலத்தில் எலும்புதான் அதிகம். உலகின் எந்த மூலையில் யார் விழுந்தாலும், கனடாவில் மொன்றியலில் இருந்தபடி ஆஸ்பத்திரியோடு பேசி, பாலிசியைப் பார்த்து, ஆளை வீடு சேர்ப்பது எங்கள் வேலை.

அன்று வந்த அழைப்பு ஜப்பானில் இருந்து. சுடுநீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஒரு பனிச்சறுக்கு ஊர். மரங்களுக்கு இடையே ஸ்னோபோர்டில் இறங்கிய இளைஞன் மரத்தில் மோதியிருந்தான். முதுகெலும்பில் இரண்டு முறிவு. இடது காலில் உணர்ச்சி இல்லை. மூன்று நாளில் சத்திரசிகிச்சை; அதற்குப் பிறகு நடப்பானா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

ஃபைலைத் திறந்தேன். மொன்றியலின் புறநகரான கர்க்லாண்ட் முகவரி. குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் என் நண்பர் குகனின் பெயர். அவர் மகன் அருண். இவன் பிறந்தபோது பார்க்கப் போனவர்களில் நான் நான்காவது ஆள்.

அவனும் என் குரலைக் கண்டுகொண்டான். பிரெஞ்சில் வளர்ந்த பிள்ளை. வலியில் தமிழ்தான் வந்தது.

"சிவம் அங்கிள்? அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. போன வருஷம்தான் அவருக்கு பைபாஸ். ஒப்பரேஷன் முடியட்டும், பேந்து நானே சொல்லுறன்."

"அம்மாவுக்காவது?"

"அம்மாட்டச் சொன்னா அப்பாட்டச் சொன்ன மாதிரித்தான்."

மேலாளர் ஜினெட்டிடம் போய், இவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஃபைலை வேறு ஆளுக்கு மாற்றவா என்று கேட்டார். பையன் தமிழில் பேச ஆள் வேண்டும் என்கிறான் என்றேன். "சரி, நீயே வைத்துக்கொள். ஆனால் அவன் வயது வந்தவன். அவன் சம்மதம் இல்லாமல் தாய்க்கும் சொல்லக்கூடாது, பாப்பரசருக்கும் சொல்லக்கூடாது" என்றார்.

2. கடையில்

மறுநாள் செயின்ட்-மிஷேல் பகுதித் தமிழ்க் கடைக்குப் போனேன். எனக்கு எதிலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். குகன் அங்கே இருப்பார் என்று தோன்றியது. இருந்தார், உறைந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ." போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

படத்தில் பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் குளம். விளிம்பெல்லாம் பனி. தண்ணீருக்கு மேல் ஐந்து தலைகள். வலமிருந்து இரண்டாவது அருண், தலையில் மடித்த துவாய்த் துண்டுடன்.

"ஒரு துண்டும் இல்லாமத்தான் இறங்கவேணுமாம். வெக்கம் கெட்டவங்கள்." சிரித்தார். "எங்கட குடும்பத்தில சும்மா சந்தோஷத்துக்கெண்டு ஒரு பயணம் போன முதல் ஆள் இவன்தான் அண்ணை. நானெல்லாம் பிளேன் ஏறினது செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும்தான். தினமும் ஒரு படம் அனுப்புறான். கதைக்கத்தான் நேரமில்லையாம். தாய் தலையை நல்லாத் துடை எண்டு மெசேஜ் போட்டவ. அதுக்கும் பதிலில்லை."

போனை நீட்டியபடியே நின்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வடிவா இருக்கு" என்றேன்.

வாங்க வந்த ஆறு சாமான்களில் இரண்டோடு வீட்டுக்கு வந்தேன்.

3. விதியின் மறுபக்கம்

தகப்பனிடம் மகனைப் பற்றிச் சொல்லத்தான் தடை. மகனிடம் தகப்பனைப் பற்றிச் சொல்ல எந்த விதியும் குறுக்கே இல்லை. அன்றிரவு ஷிஃப்டில் அருணின் அறைக்குப் போன் எடுத்தேன்.

"அப்பாவைக் கடையில கண்டனான்."

"ஏதும் சொன்னீங்களோ?"

"இல்லை. உன்ர படம் காட்டினவர். துவாய் தலையில."

"அது விழுறதுக்கு முதல்நாள் எடுத்தது. சினேகிதன் என்ர போனில இருந்து நாளுக்கொண்டா அனுப்புறான். இன்னும் நாலு இருக்கு."

"நாலும் முடிஞ்சா?"

அவன் பக்கத்தில் ஏதோ கருவி கீச்சிட்டது.

"அம்மா தலையை நல்லாத் துடைக்கச் சொன்னவவாம். நீ பதில் போடேல்லையாம்."

அவன் அழுதான். முதுகு அசையக்கூடாது என்பதால் மூச்சை அடக்கி அழுதான். கடைசியில், "டொக்டர் பின்னேரம் வருவார். அதுக்கு முதல் அப்பாவுக்கு எடுக்கிறன்" என்றான்.

எடுத்தான். தாயும் தகப்பனும் சத்திரசிகிச்சைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். குகனின் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அருணை ஒரு தாதியின் துணையோடு மொன்றியலுக்குக் கொண்டுவந்தோம். இப்போது நடக்கிறான், இரண்டு ஊன்றுகோல்களோடு. இடது கால் இன்னும் இழுபடுகிறது.

குகன் ஒரே ஒரு தடவை எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, கடையில படம் காட்டேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அவன் சொல்ல விடேல்லை."

"அதை விடுங்கோ, அவன் எனக்குச் சொன்னவன். சொல்லாததுக்கு நான் கோவிக்கேல்லை. ஆனா நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் என்ர முகத்தைப் பாத்து வடிவா இருக்கு எண்டனீங்கள்."

வைத்துவிட்டார். இப்போது கடையில் என்னைக் கண்டால் அரிசி மூட்டைப் பக்கமாகத் திரும்பிப் போகிறார்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இரகசியத்தைக் காப்பாற்றுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அதைக் காப்பாற்றும்போது உங்கள் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். படத்தைக் காட்டினால் பார்த்துவிட்டுப் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுங்கள். முசுடு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.