அவள் தைக்காத பக்கம்

என் மகளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது.

கண்ணில் கோளாறு இல்லை. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஜாசின் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவளை முச்சந்தியில் ஒரு கார் இடித்துத் தள்ளியது. மண்டைக்குள் வலது பக்கம் ரத்தம் கட்டிப்போய், திறந்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது கைப்பக்கம் இருக்கிற எதையும் அவள் மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சோறு போட்டேன். தட்டில் வலது பாதியைத் துடைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றாள். இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது, கத்தி வைத்து அறுத்ததுபோல. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். எப்போது போட்டாய் என்று கேட்டுவிட்டு அதையும் சாப்பிட்டாள். தலையும் அப்படித்தான், ஒரு பக்கம் மட்டும் வாரியிருப்பாள். கண்ணாடி முன்னால் நின்று, சரியாக இருக்கிறது என்று என்னிடம் சொல்வாள்.

அவள் தையல்காரி. கல்யாணம் அமையவில்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜாசினில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். அவள் தைத்த ரவிக்கை போடாத கல்யாணப் பெண் எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் குறைவு. வெட்டுவதும் மெஷினில் தைப்பதும் அவள். கொக்கி வைப்பது, அதை மாட்டுகிற நூல் வளையம் கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் வீட்டிலிருந்தபடி நான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலையை விட்டபிறகு இருபது வருஷம் அதைத்தான் செய்தேன். எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு சரி. ஊசியில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் தெராபிக்கு வரச் சொன்னார்கள். கை கால் பயிற்சி கொடுப்பவர் வேறு. இந்தத் தெராபிப் பெண்ணின் வேலை, சட்டை போடுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது, கடையில் சாமான் வாங்குவது என்று நாம் யோசிக்காமல் செய்கிற காரியங்களைத் திரும்பப் பழக்குவது. தமிழ்ப் பெண், சின்ன வயது. மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்று மகளுக்குப் பழக்கினாள்; வீட்டு மேசையிலும் அப்படியே ஒட்டச் சொன்னாள். தையல்காரி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. தெரிந்த வேலை வழியாகத்தான் மூளைக்கு வழி காட்ட வேண்டும், வாரம் ஒரு ரவிக்கைக்குக் கொக்கியும் வளையமும் தைத்து எடுத்து வாருங்கள் என்றாள்.

"அக்காவே செய்யணும் ஆன்ட்டி. நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

சரி என்று தலையாட்டினேன்.

முதல் ரவிக்கையை மகள் மடியில் விரித்து உட்கார்ந்தாள். உள்பக்கம் மேலே தெரிய விரித்தால் வலது கைப்பக்கம் கொக்கி வரும், இடது கைப்பக்கம் வளையம் வரும். ஐந்து கொக்கியும் வரிசை பிசகாமல் தைத்தாள். நூலை அறுத்தாள். முடிந்தது என்று மடித்து வைத்துவிட்டாள். இடது பக்கம் வெறும் துணி.

அன்றைக்கென்று என் நாத்தனார் வந்திருந்தாள். ரவிக்கையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்ன அண்ணி, இத மாட்டிக்கிட்டு நெஞ்ச தொறந்து போட்டுக்கிட்டா நடக்கிறது?"

மகளும் கூடச் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமல். அது எனக்குத் தாங்கவில்லை.

தலையில் அடிபட்டவர்களுக்குச் சீக்கிரம் களைப்பு வந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டதும் மகள் கட்டைபோலத் தூங்குவாள். அந்த நேரத்தில் ரவிக்கையை எடுத்தேன். இருபது வருஷமாக, கொக்கி மட்டும் வைத்துவிட்டு வளையம் கட்டாத ரவிக்கை என் கையைத் தாண்டிப் போனதில்லை. ஊசி எடுத்தது நானா, என் கையா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஐந்து வளையமும் கட்டி, மடித்தபடியே மடித்து வைத்தேன்.

புதன்கிழமை தெராபிப் பெண் அதைப் பார்த்து மகளின் தோளைத் தட்டினாள். தாளில் படம் வரையச் சொன்னால் இன்னும் பாதிப் பூதான் வரைகிறார், ஆனால் கைப்பழக்கமான வேலை முதலில் திரும்புகிறது என்று ஏட்டில் எழுதிக்கொண்டாள். என் மகளை ஒருத்தி மெச்சிப் பேசிக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது. அடுத்த வாரமும் கட்டினேன். அதற்கு அடுத்த வாரமும்.

ஐந்தாவது வாரமோ ஆறாவதோ, மகள் தூங்கி எழுந்து ரவிக்கையைக் கையில் எடுத்தாள். சிவப்பு டேப்பைத் தேடித் தலையைத் திருப்பியவள் வளையங்களைப் பார்த்துவிட்டாள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நான் இத தைக்கல."

"இது என்னோட பழைய கை, அம்மா. அவ வந்திருக்கா."

யார் என்று கேட்டேன். அடிபடுவதற்கு முன்னால் இருந்தவள், இந்தப் பக்கம்தான் இருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை என்றாள். வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இருபது வருஷம் வளையம் கட்டியது யார் கை என்பது அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. அதை அந்த இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். நான் கட்டியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தெராபிப் பெண் என்னை என்ன நினைப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதிலிருந்து தட்டைத் திருப்பி வைத்தால் தடுத்தாள். மிச்சம் அவளுக்கு என்றாள். சோபாவில் இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வீடு சத்தமில்லாமல் இருக்கும்போது, நான் ஊசியோடு அந்தக் காலி இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒருத்தி என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். ஒரு நாள் என்னை அறியாமல், கொஞ்சம் தள்ளி உட்காரு புள்ள, வெளிச்சம் மறைக்குது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கும் ஐந்து வளையம் கட்டினேன்.

பத்தாவது ரவிக்கையைப் பார்த்ததும் தெராபிப் பெண், அடுத்த வாரம் நானும் வருகிறேன், ஜாசினில் ரோட்டைக் கடந்து கடை வரைக்கும் அக்கா நடந்து பார்க்கட்டும் என்றாள். மகள் தனியாகக் கடைக்குப் போய்வருகிற நாள் வந்துவிடும் போலிருந்தது. அதற்கு முன்னால் நானே ஒரு தடவை பழக்கிவிட்டால் அன்றைக்குத் தடுமாற மாட்டாளே என்று நினைத்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

பாசார், அதாவது சந்தை, பக்கத்து ரோடு. கையைப் பிடிக்காமல் ஓரடி பின்னால் நின்றேன். மகள் வலது பக்கம் பார்த்தாள், கார் போகும்வரை நின்றாள், இறங்கினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நடுக்கோடு வந்தது. அதற்கு மேல் வண்டி வருவது இடது பக்கத்திலிருந்து. அவள் நிற்கவில்லை. தலையும் திரும்பவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சத்தம் கேட்டு அவள் வலது பக்கமே தேடினாள். நான் அவள் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தேன். லாரி போன காற்றில் இரண்டு பேர் முந்தானையும் முகத்தில் அடித்தது என்று சொல்ல வந்தேன், அவள் சுடிதார் போட்டிருந்தாள், என் சேலைதான்.

திட்டினேன். இடது பக்கம் பார்க்க மாட்டாயா என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவள் பயந்ததாகவே தெரியவில்லை.

"அந்தப் பக்கத்த அவ பாத்துக்குவாம்மா."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

புதன்கிழமை தெராபிப் பெண் தொப்பியும் குடையுமாகக் கிளம்பத் தயாராக நின்றாள். ரோடு வேண்டாம், கதவைச் சாத்து என்றேன். மகளை வைத்துக்கொண்டே சொன்னேன். பத்து ரவிக்கை, ஐம்பது வளையம், எல்லாம் என் கை. நாத்தனார் சொன்னதையும் சொன்னேன். லாரியையும் சொன்னேன். யாரிடமும் அப்படி நின்று பேசியதில்லை நான். தோட்டத்தில் வேலை வாங்கிய மண்டோரிடம்கூட.

அந்தப் பெண் கோபப்படவில்லை. ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன வாரமா நான் உங்க கையத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கேன், ஆன்ட்டி."

பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு அனுப்பப் பார்த்தேனே லா என்று தனக்குத்தானே சொன்னாள். தப்பை அவளும் எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

மகள் என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடது பக்கம்.

"அப்ப அவ?" என்றாள், எதிரே இருந்த சுவரிடம்.

"அவ இல்ல புள்ள. நான்தான்."

"கடையில இருந்தப்பவும்?"

"அப்பவும் வளையம் நான்தான் கட்டுனேன்."

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. யாரோ செத்துப்போன வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட அன்று அவள் சாகவில்லை. எனக்கென்னவோ, அந்த அறையில்தான் ஒருத்தி போனாள், போக வைத்தது நான்.

எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமானது. தெராபிப் பெண் வீட்டுக்கே வந்து பார்த்தாள். சோபாவில் மகள் இப்போது இடம் விடுவதில்லை. பாதித் தட்டு சோறு மட்டும் சில நாள் நின்றுவிடும், யாருக்கும் இல்லாமல். வளையம் இல்லாத ரவிக்கைகள் அலமாரியில் சேர்ந்தன. நாத்தனார் வந்தாலும் ஒளித்து வைப்பதில்லை. பிறகு ஒன்று, இரண்டு என்று வளையம் வர ஆரம்பித்தது, கோணலும் மாணலுமாக.

இப்போது ரோட்டுக்கும் போகிறோம், தெராபிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி. நடுக்கோட்டில் மகள் நிற்க வேண்டும். நான் அவளுக்கு இடது பக்கம் நிற்பேன். பேசக் கூடாது, தொடக் கூடாது. அவளாகத் தலையைத் திருப்பி, என் முகம் கண்ணில் பட்ட பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கையை மட்டும் வைத்திருப்பேன். வண்டிகள் போகும். அவள் எதிரே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் திரும்புகிற வரைக்கும் நான் அங்கே இல்லை.

போன வாரம் ரொம்ப நேரம் பிடித்தது. ஏழு கார் போயிற்று, எண்ணினேன். அப்புறம் திரும்பினாள்.