பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர்

ஹில்டா ரம்ஸ்டன் வீட்டு வாசற்படியில் தட்டே இல்லாமல் சாப்பிடலாம். தினமும் மண்டியிட்டுக் கல்லால் தேய்த்து அதை வெளுக்க வைப்பாள். உள்ளே கதை வேறு. இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்தப் பஞ்சாலை ஊரில் இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து வருடமாகியும் கிளெய்ட்டன் சந்து இற்றுப்போய்த்தான் கிடந்தது. படுக்கையறைச் சுவர் கோடையிலும் வியர்க்கும். அதன் ஓரத்தில் படுக்கும் மகள் மாரீன் ஓயாமல் இருமினாள். இந்த ஈரத்தை விட்டுப் போனால்தான் அவள் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நகராட்சியின் சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. குடியிருக்க லாயக்கில்லை என்று அவர் எழுதினால் வீட்டை இடித்துவிட்டு, குளியலறையோடு புது வீடு கொடுப்பார்கள். கூடவே ஒரு பேச்சும் உலவியது. சுத்தமான குடும்பத்துக்குத்தான் புது வீடாம், அழுக்குப் பிடித்தவர்களைப் பழைய வீடுகளில் தள்ளிவிடுவார்களாம்.

ஹில்டாவுக்கு அது போதாதா! மைதாப் பசை காய்ச்சினாள். ரோஜாப்பூக் காகிதம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினாள். ஒரு மூலையில் மட்டும் காகிதம் நிற்காமல் உரிந்து விழுந்தது. அங்கே பீரோவைத் தள்ளி வைத்தாள்.

எதிர்வீட்டு அடா பிகர்ஸ் வாசலில் நின்று சிரித்தாள். “ஏண்டி, உன் வீட்டுக்கு ராணியா வர்றா? ஓட்ட ஒழுகல காட்டுடி!”

“உன்ன மாதிரி நாறிக் கிடக்கச் சொல்றியா?”

இன்ஸ்பெக்டர் தார்ன்லி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைத் தட்டினார், மூக்கை உறிஞ்சினார், பீரோவைப் பார்த்தார்.

“இதக் கொஞ்சம் நகர்த்திப் பாக்கலாமாம்மா?”

அதன் பின்னால் பூசணம் கன்னங்கரேலென்று அவள் நெஞ்சளவுக்கு ஏறியிருந்தது. காட்டினால் விடுதலை. ஆனால் காட்டுவது எப்படி? அவளுடைய அம்மாகூட அதைப் பார்த்ததில்லை.

“பயங்கர கனம் சார். பின்னால ஒண்ணுமில்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

எதிர்வரிசை முழுவதும் இடிபடும் என்று முடிவானது. ஹில்டாவின் வரிசை பழுது பார்த்தால் போதுமாம். அடா வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று ஹில்டா அடுப்படியில் நின்று அழுதாள்.

இடிப்பு வேலையைப் பார்க்க வந்த தார்ன்லியை ஒருநாள் தெருவில் மறித்தாள்.

“எங்க சுவர் ஈரம் சார்.”

“அன்னைக்கே வாசன வந்துச்சும்மா. நீங்க வேண்டாம்னீங்க. அவ்வளவு அழகா வச்சிருந்த வீட்ல கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரல.”

“இப்ப வந்து பாருங்களேன்.”

“முடிவு கையெழுத்தாயிடுச்சு. அடுத்த சுற்று வர வருஷக்கணக்காகும். ஆனா ஒண்ணு, அக்கம்பக்கத்துல நாலு பேர் பாத்துட்டு எங்ககிட்ட வந்து சொன்னா, மறுபடி பாக்கச் சொல்லி நான் கேக்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் பீரோவை ஒரே மூச்சில் இழுத்தாள். காகிதத்தை நகத்தால் கிழித்தாள். பூசணத்தின் வாடை முகத்தில் அடித்தது. வரட்டும், ஊரே வந்து பார்க்கட்டும். மாரீன் இருமிக்கொண்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

வாசலில் யாரோ தட்டினார்கள்.

“ஹில்டா, நாந்தாண்டி அடா! உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“இரு, வர்றேன்” என்றாள் ஹில்டா. பீரோவைத் திரும்பச் சுவரோடு தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.