கருநீலக் காருக்கு ஒரு பூச்சு

கார் வாங்கினால் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள் என்று சாராள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மோசஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷோரூமில் கருநீலத்தில் ஒன்று நின்றது. அதன் கதவில் தன் முகம் தெரிந்ததும் மனிதர் விழுந்துவிட்டார். கருநீலத்தில் ஒரு தூசி விழுந்தாலும் ஊருக்கே தெரியும் என்று மனைவி சொன்னது உண்மைதான். ஆனால் ஆசை வந்த மனிதனிடம் உண்மையைச் சொல்லி என்ன பயன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி போடும் ஆலை ஒன்றில் மோசஸ் கிரேன் ஓட்டுகிறார். கான்டிராக்டில் துண்டு இரும்பு பொறுக்கச் சேர்ந்தவர், முட்டி மோதிக் கிரேன் கேபினுக்கு ஏறினார். சிவக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பைத் தலைக்கு மேலே கொண்டுபோவார், கீழே நிற்கிறவன் மேல் ஒரு பொறி விழாது என்று ஆலையில் அவருக்குப் பேர். மகள் ஜெனிபர் நர்சிங் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனதும், "அப்பா, இனிமே மழையில பைக்குல போவாத" என்றாள். கார் வந்தது அப்படித்தான்.

வந்த காரை நிறுத்த இடம்? காலனிச் சந்தில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் தண்ணி டேங்க் இருக்கிறது, அதையொட்டிப் பொது இடம். ஊர்க்காரர்களின் கார், டிராக்டர், நெல் அறுக்கும் மெஷின் எல்லாம் அங்கேதான் நிற்கும். மோசஸும் அங்கேயே நிறுத்தினார். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டு மெம்பர் வரதன் மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வரதன் மோசஸை விடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் அப்பா நிலத்தில் மோசஸின் அம்மா நாற்று நட்டவள். அந்தக் கணக்கில் வயதெல்லாம் செல்லாது.

"இன்னா மோசே, காரு வாங்கிக்கினியா? சொல்லவே இல்ல."

"ஆமாங்க. பொண்ணு ஆசப்பட்டுச்சு."

"நல்லா கீது, நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வரதன் போனார்.

அடுத்த வாரம் காரின் இடப்பக்கத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. முன் கதவில் தொடங்கிப் பின் விளக்கு வரை நேராக ஓடியது. மோசஸ் அதை விரலால் முழுக்கத் தடவிப் பார்த்தார். இருந்தாலும் வீட்டில், "ஆடு ஒரசிக்கினு போயிருக்கும்" என்றார். சாராள் அவர் முகத்தையே பார்த்தாள். ஆட்டுக்குக் கொம்பு இருக்கிறது, சரி. ஸ்கேல் வைத்துக் கோடு போடவும் தெரியுமா என்ன?

அடுத்த கோடு பானெட்டின் நடுவில் விழுந்தது. இந்த முறை ஆட்டைச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. கூட வேலை செய்யும் எபினேசர், ஸ்டேஷனில் எழுதிக் கொடு என்றார்.

"யாரு மேலன்னு எழுதறது? நான் யாரப் பாத்தேன்?" என்றார் மோசஸ்.

சாராள் வேறு வழி சொன்னாள். "புதுவாயல் பெட்ரோல் பங்க்குல ஒரு ஓரமா உட்டுட்டு வந்துடுங்க. நமக்கு எதுக்குங்க இந்தப் பேஜாரு?"

"அது பொது எடம். வுடக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லட்டும். சொல்லாத வரைக்கும் அங்கதான் வுடுவேன்."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால், போ என்று யாரும் சொல்லாமலே போனதாக ஆகிவிடும். கோடு போட்ட கைக்கு வேண்டியதும் அதுதான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் காரை நகர்த்தக் கூடாது, காரில் கோடும் விழக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நடத்திக் காட்டுகிற ஏதாவது ஒன்று கடையில் விற்கிறதா என்று தேடிக்கொண்டு புதுவாயலுக்குப் போனார்.

சர்வீஸ் ரோட்டில் லோகு என்பவன் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறான். பழைய கோடுகளைத் தடவிப் பார்த்தான். இது மேலோட்டம்தான், தேய்த்தால் போய்விடும் என்றான். தேய்த்த பிறகு மேலே எதைப் பூசுவது என்பதில்தான் கேள்வி வந்தது.

"சீலன்ட்டுன்றது சட்ட போட்டுக்கிற மாதிரிண்ணா. மூணு மாசம், நாலு மாசம். வெயிலு மழையில போயிரும், திருப்பிப் போடணும். கோட்டிங்குன்றது தோலு மாதிரி. புடிச்சா புடிச்சதுதான், மூணு வருசம் அசையாது. நம்ம ஏரியா இரும்புத் தூசி, காக்கா எச்சம் ஒண்ணும் ஏறாது."

"கீறல் தாங்குமா?" என்றார் மோசஸ். அவர் கேட்க வந்தது அந்த ஒன்றுதான்.

லோகு சுவரில் சாய்த்திருந்த ஒரு பழைய பானெட்டைக் காட்டினான். பாதியில் கோட்டிங், பாதியில் ஒன்றுமில்லை. ஒரு நாணயத்தை எடுத்துக் கோட்டிங் மேல் சரசரவென்று இழுத்தான். துடைத்தால் ஒரு தடமும் இல்லை. மோசஸுக்கு அதைத் தானே ஒரு முறை இழுத்துப் பார்க்க ஆசைதான். அடுத்தவன் கடையில் எப்படிக் கை வைப்பது என்று சும்மா இருந்துவிட்டார். அந்தக் கூச்சத்துக்கு அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஊரில் வளர்ந்தவருக்கு அது கூடவே வளர்ந்தது.

"கோட்டிங்கே போட்டுடு" என்றார்.

கோட்டிங் போட்ட கார் டேங்க் பக்கம் வந்து நின்றதும், போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வாரம் போயிற்று, மாதமும் போயிற்று. கோடு இல்லை. மோசஸ் காலையில் காரைச் சுற்றி வந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாராளை முன்சீட்டில் உட்கார வைத்துச் சர்ச்சுக்கு ஓட்டிப்போனார். அவளும் வெள்ளைக் காரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அந்த ஒரு மாதம் மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார், அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

ஒரு ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். டிரைவர் பக்கத்து இரண்டு கதவிலும் சேர்த்து ஒரே கோடு. நீலம் பிளந்து உள்ளே தகரம் தெரிந்தது. மோசஸ் குனிந்து பார்த்தார். ஆழமான கோட்டுக்கு மேலே, மெல்லிசாக இரண்டு மூன்று உரசல்கள் இருந்தன. விரலால் துடைத்ததும் அவை காணாமல் போயின. அவருக்குப் புரிந்துவிட்டது. கை முதலில் லேசாகத்தான் இழுத்திருக்கிறது. கோட்டிங் விடவில்லை. மறுபடி இழுத்தும் விடவில்லை. அதன் பிறகுதான் கை அழுத்தியிருக்கிறது.

சாராள் கதவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "நடந்தே போலாம் வாங்க" என்றாள். இருவரும் நடந்தே சர்ச்சுக்குப் போனார்கள்.

மறுநாள் லோகுவின் கடையில் மோசஸ் நேராக அந்தப் பழைய பானெட்டிடம் போனார். இந்த முறை கூச்சம் வரவில்லை. கார் சாவியை எடுத்துக் கோட்டிங் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பெயின்ட் சுருண்டு வந்தது.

லோகு பதறிப்போனான். "அண்ணா, இவ்ளோ அழுத்துனா எதுதான் தாங்கும்? யாருண்ணா இப்பிடி அழுத்தப் போறாங்க?"

"அழுத்துவாங்க லோகு."

லோகு வெளியே வந்து கதவுகளைப் பார்த்தான். நகத்தை வைத்துக் கோட்டின் ஆழம் பார்த்தான். பிறகு, "இது தேச்சாப் போவாதுண்ணா. ரெண்டு கதவுக்கும் பெயின்ட்டே அடிக்கணும். அதும் மேல கோட்டிங்கு போட்டுக்கலாம், இன்னும் கெட்டியா ஒண்ணு வந்துக்கீது" என்றான்.

"பெயின்ட்டு அடி, கோட்டிங்கு வேணாம். இருக்கறதையும் மொத்தமா எடுத்துடு. சீலன்ட்டு போடு."

"அது ஒண்ணுமே தாங்காதேண்ணா. லேசா இழுத்தாலே கோடு வுழும்."

"வுழட்டும். லேசா வுழுந்தா தேச்சுப் போக்கிடலாம்னு நீதான சொன்ன? தாங்குற மாதிரி போட்டா அழுத்தறாங்க. தாங்காததுன்னா லேசாக் கிழிச்சிட்டுப் போயிடுவாங்க." சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "எத்தினி தடவ தேய்க்கலாம்?"

"நாலஞ்சு தடவண்ணா. அதுக்கு மேல பெயின்ட்டு நிக்காது."

"போதும்" என்றார் மோசஸ்.

ஆலையில் இத்தனை வருஷம் யார் தலையிலும் ஒரு பொறி விழாமல் இரும்பைத் தூக்கிய மனிதர், தன் காரைக் கிழிக்க வரும் கைக்கு வலிக்காத பூச்சாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். வந்து, டேங்க் பக்கத்தில் அதே இடத்தில் நிறுத்தினார்.

வரதன் டிராக்டர் பக்கத்திலிருந்து வந்தார். "இன்னா மோசே, திரும்பப் புதுசாட்டம் கீது? கோட்டிங்கா?"

"இல்லைங்க. கோட்டிங்க எடுத்துட்டேன். இது சீலன்ட்டு, லேசானது." மோசஸ் காரைப் பூட்டினார். "இனிமே ரொம்ப அழுத்தத் தேவையில்லைங்க."

எதை அழுத்த, யார் அழுத்த என்று வரதன் கேட்கவில்லை. "சரி சரி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.