மூன்றாம் பொத்தானில் தமிழ்

வேதநாயகியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்த்ததே இல்லை என்று பீன்யாவில் எங்கள் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். நானும் அவளும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றினோம், பதினோரு வருஷம். என் வீடு நீலசந்திராவில். எங்கள் தெருவில் தமிழில் சண்டை போட்டால் விலக்குவதற்கும் தமிழிலேயே நாலு பேர் வருவார்கள். எனக்கென்ன பயம்? கம்பெனி பஸ்ஸில்கூட உரக்கத்தான் பேசுவேன். அவளோ, “மெதுவா மரகதக்கா” என்று என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள்.

அவள் குடியிருந்தது கம்பெனிக்குப் பின்பக்கம், ஒரு காம்பவுண்டில். ஆறு சின்ன வீடுகள், ஒரு கேட்டு, ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டுக்காரம்மா கெம்பம்மா முதல் வீட்டில் இருந்தாள். எல்லாருமே கன்னடம் பேசுகிறவர்கள். அவர்களிடம் வேதா தன்னைக் குப்பம் என்ற ஊர்ப்பக்கத்துத் தெலுங்குக்காரி என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் பொய்யில்லை, பதினைந்து வருஷப் பொய். வெளியே வாயைத் திறக்காதே என்று புருஷன் முனியப்பனைப் பழக்கிப் பழக்கி, அந்த ஆள் வீட்டுக்குள்ளும் பேசுவதை விட்டுவிட்டார். மகள் சிந்துவைக் கன்னட மீடியத்தில் படிக்க வைத்தாள். அம்மா தமிழில் ஒன்று கேட்டால் அந்தப் பெண் கன்னடத்தில்தான் பதில் சொல்லும்.

இதற்கெல்லாம் காரணம் இருந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள், மெஷின் சத்தத்துக்கு நடுவில். 1991 டிசம்பர். காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்த வாரம். அப்போது மாகடி ரோடு பக்கம் ஒரு ஷெட்டு வீட்டில் இருந்தார்கள். கதவைத் தட்டியவர்கள் கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கமிருந்து இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் விழித்ததிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பின்பக்கத் தகரத்தை முனியப்பன் பெயர்த்துவிட, கைக்குழந்தையோடு வெளியே ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது வீடு எரிந்துகொண்டிருந்தது. ஓசூர் போகிற லாரியில் மூட்டைகளுக்கு நடுவே, குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று அதன் வாயைப் பொத்தியபடியே போனாளாம்.

“கைய எடுக்கவே பயமா இருந்திச்சுக்கா. எடுத்துப் பாத்தா மூச்சு இருக்குமோ இருக்காதோன்னு.”

இதைக் கேட்டும் இரண்டு நாள் கழித்துப் பழையபடி கேலி பண்ண ஆரம்பித்துவிட்டேன். என் வாய் அப்படி.

அந்த வீட்டில் தமிழ் பேசியது டிவி மட்டும்தான். ஓசூரிலிருந்து திரும்பிய பிறகு யாரிடமோ பழசாக வாங்கிய கலர் டிவி. முன்னால் எட்டு பொத்தான், பின்னால் ஏரியல் ஒயருக்கு ஒரே ஓட்டை. ஷிஃப்டு முடிந்து போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாம் பொத்தானை அழுத்துவாள். சத்தத்தைக் குறைத்து, டிவியோடு காதை ஒட்டினாற்போல உட்கார்ந்து ஒரு தமிழ் சீரியல் பார்ப்பாள். அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய நாள்.

2007 பிப்ரவரியில் காவிரித் தீர்ப்பு வந்தது. அந்த வாரமே கேபிளில் தமிழ்ச் சேனல்களை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் பொத்தானை அழுத்தினால் இரைச்சலும் புள்ளியும்தான். வேதா கம்பெனிக்கு வந்து தலையைக் குனிந்து காயில் சுற்றிவிட்டுப் போனாள். பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. என்னடி என்று கேட்டதற்கு, வீட்டில் ஒரு வார்த்தை இல்லை அக்கா என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவளை இழுத்துக்கொண்டு எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் டென்சிலிடம் போனேன்.

டென்சில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மொட்டை மாடியில் டிஷ் தட்டு மாட்டி, அதிலிருந்து வரும் ஒயரைப் பெட்டியில் கொடுத்தால் கேபிள்காரன் தயவே வேண்டாம் என்றார். முதல் பெட்டியில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு ஃபாரம் நிரப்ப வேண்டும். பெயர், விலாசம், எந்த மொழி பேக்கேஜ் என்று கட்டம் போட்டிருந்தது. தமிழ் என்று எழுதியிருந்த கட்டத்தை வேதா பார்த்தாள். இந்தத் தாள் எங்கே போகும், யார் கையில் இருக்கும் என்று கேட்டாள். டிஷ் கம்பெனியின் ஆபீசுக்குப் போகும் என்றார் டென்சில். அவள் தாளைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது பெட்டிக்கு ஃபாரம் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. ஆனால் அதன் முதுகில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டைகள்தான் இருந்தன. அவளுடைய டிவியில் அதற்கு ஜோடி இல்லை. உங்கள் டிவி கிழவன் மேடம், அவனுக்குக் கிழவியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே டென்சில் மூன்றாவதை எடுத்தார். கனமான பழைய மாடல். ஏரியல் ஒயரிலேயே படத்தை அனுப்பும். டிவியில் மூன்றாம் நம்பரில் வரும். இலவசம்தான், தமிழும் உண்டு. வேதா அதையே எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், மாடியில் தட்டைப் பார்த்தால் எந்த மொழி என்று தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். தட்டுக்கு ஏதடி மொழி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்சில் வந்து தட்டை மாட்டினார். சிந்துவின் படிப்புக்கு என்று கெம்பம்மாவிடம் வேதா சொல்லியிருந்தாள். காம்பவுண்டுக்குள் தமிழ் பேசக் கூடாது என்று டென்சிலிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். மனிதர் மாடியிலிருந்து இங்கிலீஷிலேயே கத்தினார். வேலை முடிந்ததும் கேபிள் ஒயரைக் கழற்றிக் கீழே போட்டார். இதை மறுபடி சொருகாதீர்கள் என்று என் காதோடு தமிழில் சொல்லிவிட்டுப் போனார். முனியப்பன் தூரத்துச் சொந்தத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். சிந்து சிநேகிதி வீட்டில். நாங்கள் இரண்டு பேர்தான்.

வேதா அந்தக் கழன்ற ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது சட்டென்று உள்ளே வந்தால் கன்னடச் சேனலுக்கு எப்படி மாற்றுவது? கேபிளை ஏன் எடுத்தாய் என்று கேபிள்காரன் கேட்டால்? அவள் கேட்ட கேள்வியெல்லாம் எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. நான் ஒயரோடு ஒயராக வாழ்கிறவள். டென்சில் சொன்னால் எனக்கென்ன? இரண்டு ஒயரையும் பல்லால் சீவி, கம்பியோடு கம்பி முறுக்கி, டிவியின் ஒரே ஓட்டையில் கொடுத்தேன். இனி மூன்றாம் பொத்தானில் தமிழ், மற்ற பொத்தானில் கேபிள். யார் வந்தாலும் ஒரு அழுத்துதான் என்றேன். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தைரியம் மாதிரி ஒன்றைக் கண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டோம். மூன்றாம் பொத்தான். தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டாள். கொஞ்சம் வையேன் என்றேன், கேட்கவில்லை. வாயசைவு போதும் என்றாள். திரையில் ஒரு மாமியார் மருமகளைத் திட்டினாள்.

அந்த மாமியார் பேசுவது எனக்குக் காதில் விழுந்தது.

முதலில் என் பிரமை என்று நினைத்தேன். வேதா என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. திரையில் இருந்தவள் வாயை அசைத்தாள், சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. பிறகு எதிர் வீட்டிலிருந்தும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் வீட்டிலிருந்து, கெம்பம்மா வீட்டிலிருந்தே, அதே மாமியார் நல்ல தமிழில் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கேபிளைத்தான் சீவி முறுக்கி ஆறு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தான் கேபிள்காரன். நான் முறுக்கிய முறுக்கில் எங்கள் பெட்டியின் படம் அந்த ஒயர் வழியாகவே திரும்பிப் போய், எல்லா வீட்டு டிவியிலும் மூன்றாம் நம்பரில், பக்கத்து நம்பர்களையும் அமுக்கிக்கொண்டு ஓடுகிறது. தீர்ப்பு வந்து இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. தெருமுனையில் எரித்த டயரின் கரி அப்படியே இருக்கிறது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அத்தனை வீடும் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போனது.

அந்த அமைதிதான் பயங்கரம். அடுத்து முற்றத்தில் ஆட்கள் இறங்கிய சத்தம் கேட்டது. தமிழ் எப்படி வந்தது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று கெம்பம்மா கன்னடத்தில் உரக்கக் கேட்டாள். இரண்டு மூன்று ஆண்குரல்களும் சேர்ந்துகொண்டன. வேதா பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பின்பக்கம் தகரமில்லை, செங்கல் சுவர். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கதவு தட்டப்பட்டது.

திறந்தது நான். பக்கத்து வீட்டு ருக்கு நின்றாள். சாமராஜநகரத்துக்காரி, புருஷன் டெம்போ ஓட்டுகிறவன், ஐந்து வருஷமாக அடுத்த வீடு. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே சாய்ந்தாள். கன்னடத்தில் மடமடவென்று கொட்டினாள். டிவியில் தமிழ் தானாக வந்தது, அவள் எதையும் வைக்கவில்லை, அவள் வீட்டிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் அப்படி இல்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்றாள். வேதா தலையை ஆட்டினாள். அது ருக்குவுக்குப் போதவில்லை.

“சத்தியமா நான் வெக்கலங்க, என் புள்ள மேல ஆணையா நான் வெக்கல.”

இது தமிழ். சேலத்துப் பக்கத்துத் தமிழ். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திடுக்கிட்டதை அவள் பார்த்துவிட்டாள். தமிழ் புரிந்ததால்தானே திடுக்கிட்டேன். அவள் கண்ணில் ஒரு ஆசை வந்தது. வெளியே கேட்காதபடி, கன்னடத்தில் என்னைக் கேட்டாள்.

“அக்கா, நீவு தமிளரா?”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கெம்பம்மாவின் செருப்புச் சத்தம் நின்றது. நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த மரகதம், பஸ்ஸையே அதிரவைக்கிற மரகதம், வாயைத் திறந்தேன்.

“இல்லம்மா. நாவு தெலுகு.”

நாங்கள் தெலுங்கு என்று நான் சொன்னதும் ருக்குவின் முகம் அப்படியே செத்துப்போனது. இனி அவளுடைய ரகசியம் இரண்டு அந்நியர்களிடம் இருக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கன்னடத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். முற்றத்தில் கெம்பம்மா, கேபிள்காரன்தான் ஏதோ திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்று முடிவு கட்டி, அவனைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஆட்களும் கலைந்தார்கள். அவ்வளவுதான். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

வேதா கதவைத் தாழிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை, இரக்கம் இருந்தது.

“இப்பத் தெரியுதாக்கா?” என்றாள்.

முறுக்கிய ஒயரைப் பிரிக்க உட்கார்ந்தேன். பதினோரு வருஷம் காயில் சுற்றிய விரலுக்கு அந்த இரண்டு கம்பியைப் பிரிக்க வெகுநேரம் பிடித்தது.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ருக்குவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். வேதாவிடம்கூடச் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்தது. வியாழக்கிழமையே டெம்போவில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயடியில் வேதாவோடு நின்ற கெம்பம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அவர்கள் தமிழர்கள் என்று வந்த வருஷமே தனக்குத் தெரியும், தான் ஏதாவது சொன்னதுண்டா, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா என்றாள். வேதாவும் நானும் ஆமாம் என்று கன்னடத்தில் சொல்லித் தலையாட்டினோம்.

கெம்பம்மா அப்படிச் சொன்னது நல்ல சேதி என்று நான் நினைத்தேன். வேதாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. ருக்குவைத் தெரியும் என்றால் தன்னையும் தெரியும்தானே, பதினைந்து வருஷமாகத் தெரிந்துகொண்டே சிரித்துப் பேசியிருக்கிறாளே என்று மருகினாள். ஏப்ரலில் வீட்டைக் காலி செய்தாள். எங்கள் பக்கம் ஈஜிபுராவுக்கு வந்துவிடு, அங்கே நம் ஜனம் நிறைய இருக்கிறது என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்றாள். நம் ஜனம் நிறைய இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் வருவார்கள் என்றாள். இன்னும் தள்ளி, நெலமங்களா ரோட்டில் ஒரு வீடு பிடித்தாள். அங்கேயும் அவள் குப்பத்துத் தெலுங்குக்காரிதான். நான் அவளைக் கேலி செய்யவில்லை.

ருக்கு இப்போது எந்த ஊரில், என்ன பாஷைக்காரியாக இருக்கிறாளோ. ஆமாம்மா, நாங்களும் தமிழ்தான் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். கதவு சாத்தியிருந்தது, காதோடு சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அதைத்தான், நான் அதைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.