ஈரத்துணி சிஸ்டர்

அறுவை அரங்கில் அந்த நர்ஸுக்கு 'ஈரத்துணி' என்றே பெயர். ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியில் ஒற்றி, சூடு ஆறிய பிறகுதான் டாக்டர் கையில் கொடுப்பாள்.

"நீ குடுக்கறதுக்குள்ள விடிஞ்சிடும் போல!" என்று டாக்டர் எரிந்துவிழுவார். அவள் அசையமாட்டாள்.

முன்பு ஒருமுறை அசைந்திருக்கிறாள். ஒரு பஸ் கண்டக்டரின் தைராய்டு அறுவையில், திட்டுக்குப் பயந்து, ஆறாமலே நீட்டிவிட்டாள். சூடான நுனி குரல் நரம்பில் பட்டது. பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்ட குரல் வெறும் காற்றாகிப்போனது. 'வீக்கம்தான், சரியாகிவிடும்' என்று எழுதிவிட்டு டாக்டர் டீ குடிக்கப் போனார்.

ஆறு மாதம் கழித்து கண்டக்டர் செக்கப்புக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். அவர் வாயருகே காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர். ரொம்ப நன்றி."