அண்ணி வந்த நேரமும் என் செகண்ட் சர்வும்

தொடர்ந்து ஏழு டோர்னமென்ட்டில் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிற டென்னிஸ்காரிக்கு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலேயே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். ஷேர் ஆட்டோக்காரர் விசாரித்தார். பழக்கடை அம்மா விசாரித்தார். பந்தை வலைக்கு மேலே அடிக்க வேண்டுமா, கீழே அடிக்க வேண்டுமா என்றே தெரியாதவர்கள்கூட, "இன்னா பாப்பா, இப்பல்லாம் நீ பேப்பர்லயே வர மாட்டேங்கற?" என்றார்கள். நான் பேப்பரில் வந்ததே மொத்தம் இரண்டு முறை. அதில் ஒரு முறை என் பெயருக்கு மேலே வேறொரு பெண்ணின் போட்டோ.

என்னுடைய வியாதி செகண்ட் சர்வ். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாயிண்டைத் தொடங்குகிறவளுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் அடி தப்பினால் இரண்டாவது. அதுவும் தப்பினால் டபுள் ஃபால்ட், எதிரில் இருப்பவள் சும்மா நின்ற இடத்திலேயே பாயிண்டை வாங்கிக்கொள்வாள். பந்தை மேலே தூக்கிப் போடும் என் இடது கை பயிற்சியில் பசு மாதிரி இருக்கும். மேட்ச்சில் முக்கியமான பாயிண்ட் வந்தால் போதும், நடுங்கத் தொடங்கிவிடும். கோச் வீடியோ எடுத்துப் பார்த்தார். பிஸியோ தோளைப் பிசைந்தார். ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சு நன்றாகத்தான் வந்தது. சர்வ்தான் வரவில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காரணம், அண்ணி.

அண்ணனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. அதே கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காஞ்சிபுரத்துப் பெண்தான் அண்ணி. என்னைவிட ஒரு வயது சின்னவர், ஆனாலும் அண்ணி அண்ணிதானே. அவர்களுடையது தறி ஓட்டும் குடும்பம், எங்களுடையது நெல் போடும் குடும்பம். அம்மா இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் ஆவணியில் கல்யாணத்தை நடத்திவைத்தார். அண்ணி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த அடுத்த வாரமே நான் முதல் ரவுண்டில் தோற்றேன். அதற்கடுத்த டோர்னமென்ட்டிலும் தோற்றேன். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எங்கள் ஊரில் பனம்பழத்தை விட்டுவிட்டுக் காக்கா மேலேதான் கேஸ் போடுவார்கள்.

இதெல்லாம் எனக்கு இந்த மாசியில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வந்த மறுநாள் காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்தபடியே, "அடுத்த வாரம் பெங்களூரு போற இல்ல? அது முடியற வரைக்கும் அவ அவங்க அம்மா வூட்ல இருக்கட்டும். சொல்லிட்டேன்" என்றார்.

"அண்ணியா? எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? நீதானடி சொன்ன, அவ வந்த நேரம்னு."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தோல்வி. அம்மா போனில், "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தெரியலம்மா, அண்ணி வந்த நேரம் போல" என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது வேறொருத்தி.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை அண்ணன் அவமானத்தோடு சொன்னான். என் மேட்ச் அன்றைக்கு அம்மா போனில் லைவ் ஸ்கோரைத் திறந்தால், அண்ணிக்கு உடனே ஏதாவது வேலை முளைக்கும். பால் வாங்கி வா, கொல்லையில் துணி காய்ந்துவிட்டதா பார். அண்ணியும் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுவாராம். "நீ எதுவும் கேக்க மாட்டியாடா?" என்றேன். "கேட்டா அம்மா ரெண்டு நாளு சாப்பிடாது. பேஜாரு" என்றான். நல்ல புருஷன் கிடைத்தான் அண்ணிக்கு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணி தாய் வீட்டில் இருக்கும்போது நான் பெங்களூரில் ஜெயித்தால், ஆயுசுக்கும் அண்ணி தலையில் அந்தப் பழி ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். தோற்றால்தான் அவருக்கு விடுதலை. நானோ ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்க மாட்டோமா என்று ஆறு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் ரைஸ் மில் களத்துக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து ஊருக்கு வந்தால் அந்த சிமெண்ட் களம்தான் என் கோர்ட், மில்லின் பின் சுவர்தான் என் எதிராளி. சம்பா அறுவடை நேரம் என்பதால் களம் முழுக்க எங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சுவரோரமாக மிச்சமிருந்த இடத்தில் நான் சர்வ் போட்டேன். லீவில் இருந்த அண்ணி ஆடுகளை விரட்டிக்கொண்டும், நெல்லைப் புரட்டிவிட்டுக்கொண்டும், நெல்லுக்குள் விழுந்த என் பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டும் இருந்தார். பந்தைத் தூக்கிப் போடும்போது அவர் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். நான் தோக்க ஆரம்பிச்சது உங்க கல்யாணத்துக்கு முன்னாடி."

"இன்னா?"

"இந்த ஏழுக்கும் முன்னாடி இன்னொரு மூணு டோர்னமென்ட். மூணுலயும் மொத ரவுண்டு. என்னைத் தோக்கடிச்சவங்கள்ல ஒருத்திக்குப் பதினஞ்சு வயசு, ஸ்கூல் படிக்கிறா. வூட்ல சொல்ல வெக்கமா இருந்துது. கல்யாண வேலையில யாரும் ஸ்கோர் பார்க்கலை, நான் செமி ஃபைனல் வரைக்கும் போனேன்னு அம்மாகிட்ட அடிச்சு வுட்டேன்."

அம்மா அந்தப் பொய்யைப் பத்திரிகை வைக்கப் போன வீட்டுக்கெல்லாம் சேர்த்தே கொண்டு போனார். வாலாஜாபாத்தில் ஒரு வீடு, பெருநகரில் நாலு வீடு, பழையசீவரத்தில் மாமா வீடு. மஞ்சள் குங்குமம், பத்திரிகை, "எம் பொண்ணு செமி ஃபைனல் ஆடிக்கினு கீறா". அதற்குப் பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. கையில் பந்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இத அத்தைகிட்ட சொல்லு."

"சொல்றேன் அண்ணி."

"எப்போ?"

"நல்ல நேரம் பார்த்து…"

"நேரமா? இன்னொரு தபா நேரம்னு சொன்ன, இந்தப் பந்தாலயே மண்டையில போடுவேன்!"

ஆனால் நான் சொல்லவில்லை. தைரியசாலி மாதிரி அம்மா முன்னால் போய் நின்றேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "அண்ணி எங்கியும் போக வேணாம்மா. வூட்ல எல்லாரும் ஒண்ணா இருந்தாதான் எனக்கு மனசு நிக்கும்னு கோச் சொல்லிட்டாரு." பொய்க்கு மேல் பொய். கோச் என்றால் அம்மாவுக்கு டாக்டர் மாதிரி, மறுபேச்சு இல்லை. "அவரே சொல்லிட்டாரா? சரி, இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

இப்போது நிலைமை முன்னைவிட மோசம். அண்ணி வீட்டில் இருக்கும்போது எட்டாவது முறையும் தோற்றால் அவர் கதை முடிந்தது. பெங்களூர் போகும்வரை பஸ்ஸில் எனக்கு இந்த ஒரே நினைப்புதான். ராங்கிங் கீழே போய்க்கொண்டிருந்ததெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை.

மேட்ச் நன்றாகத்தான் போனது. முதல் செட் என்னுடையது. இரண்டாவது அவளுடையது. மூன்றாவதில் ஐந்து - ஆறு, என் சர்வ், முப்பது - நாற்பது. அவளுக்கு மேட்ச் பாயிண்ட். முதல் சர்வ் வலையில் மாட்டியது. இரண்டாவதற்குப் பந்தைத் தூக்கிப் போட்டேன். அது எனக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் போனது. விட்டுப் பிடித்து மறுபடி போட்டேன். மறுபடியும் கோணல். அடித்தேன். ஒரு முழம் வெளியே விழுந்தது. கைகொடுத்தோம். "நல்லா ஆடினீங்க" என்றாள் அந்தப் பெண், பாவம், மரியாதைக்கு.

லாக்கர் ரூமில் போய் உட்கார்வதற்குள் போன் அடித்தது. அண்ணி. எடுக்காமல் விட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"பதினோரு டபுள் ஃபால்ட்" என்றார் அண்ணி. "எண்ணிக்கினே இருந்தேன். கடைசியா ஒண்ணு வுட்டியே, அது யாரால?"

"என்னாலதான் அண்ணி."

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். அத்தை பக்கத்துலதான் கீறாங்க, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு. இப்ப சொல்லு."

சொன்னேன். ஆவணிக்கு முன்னால் தோற்ற மூன்றையும், எந்த ஊரில், யாரிடம், என்ன ஸ்கோர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பதினைந்து வயதுப் பெண்ணையும் சொன்னேன். போனில் போட்ட ஜோக்கையும், கோச் பேரைச் சொல்லி விட்ட பொய்யையும் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நிறுத்தினார்கள்.

"அப்போ அந்த செமி ஃபைனலு?" என்றார் அம்மா.

"இல்லம்மா. ஆடவே இல்ல."

"பத்திரிகை வெச்ச வூட்டுக்கெல்லாம் சொன்னேனேடி, பாவி!"

"தெரியும்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மா என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணியிடம் பேசினார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆறு மாசமா கேட்டுக்கினு நின்னியேம்மா. ஒரு வார்த்த, என்னால இல்லன்னு எதிர்த்துச் சொல்லக் கூடாதா நீ?"

"எப்படிச் சொல்லுவேன் அத்தை?" என்றார் அண்ணி. "நானும் என்னாலதான்னு நம்பிக்கினு இருந்தேன். இவ மேட்ச் அன்னிக்கெல்லாம் போனை ஆஃப் பண்ணி பீரோவுல வெச்சிடுவேன். இன்னிக்கிதான் மொத தபா ஸ்கோரு பார்க்கறேன்."